திவ்யா இருக்கும் இடம்

10 ஜூலை 2025, வியாழன்
இயற்பியல் டெஸ்டில் மார்க் குறைவு. அத்தா கடையில் இருந்ததால் தப்பித்தேன்.
திவ்யா அக்கா போன் செய்தாள். போன வருடம் எங்கள் டியூஷனில் படித்தவள். பதினெட்டு முடிந்ததும் மாமன் மகனுக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். வீட்டை விட்டுப் போய்விட்டாள். இப்போது ஏனாத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரிக்குப் போகிறாள். யாரிடமும் சொல்லாதே மாஹிரா என்றாள். சொல்ல மாட்டேன்.

14 ஜூலை, திங்கள்
சாயங்காலம் திவ்யா அக்காவின் அப்பா சடையப்பன் டியூஷனுக்குள் வந்து கதவைத் தாழிட்டார். சாம்சன் சார் எழுவதற்குள் கேனிலிருந்த பெட்ரோலைத் தரையில் ஊற்றினார். முன் பெஞ்சில் இருந்த ஏஞ்சலுடைய முடியைப் பிடித்துக்கொண்டு லைட்டரை எடுத்தார்.
"எம்பொண்ணு எங்க கீறான்னு உங்கள்ல யாருக்கோ தெரியும். சொல்லாம ஒருத்தரும் வெளிய போவ முடியாது."
கூடப் படிக்கும் வசந்த்குமார் என்னைப் பார்த்து, தெரிந்தால் சொல்லித் தொலை என்று கெஞ்சினான். சொன்னால் ஏஞ்சல் பிழைப்பாள். அப்புறம்? இதே லைட்டரோடு அங்கே போவாரே. எது சரி — யாரைக் கேட்பது?
எழுந்தேன்.
"எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். அவங்கள வுட்டுடுங்க, நான் இருக்கேன்."
ஏஞ்சலைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்தார். கதவைத் திறந்து மற்றவர்களை விட்டார். சார் மட்டும் போகவில்லை. கீழே போலீஸ் வந்த சத்தம். சடையப்பன் இடத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் குரல் உடைந்தது.
"சாப்புட்றாளா?"
"சாப்புட்றாங்க."
பாவமாகத்தான் இருந்தது. அப்போதும் இடத்தைச் சொல்லவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சார் லைட்டரை வாங்கிக்கொண்டார்.

15 ஜூலை
வசந்த்குமார் கேட்டான்: "எங்க உசுர வெச்சி நீ எப்டி முடிவு பண்ணே?"
மறுபடி நடந்தாலும் சொல்ல மாட்டேன்.

19 ஜூலை, சனி
டியூஷன் திறக்கவில்லை. அத்தா கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் உன் பெண்ணுக்கு ஏன் இந்தத் திமிர் என்கிறார்களாம். எல்லார் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்றார் அத்தா. எதுக்கு? இன்னா தப்பு பண்ணேன் நானு? பெட்ரோல் ஊத்துனது நானா?

27 ஜூலை, ஞாயிறு
ஏஞ்சலின் அம்மா அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். என் பெண் எரிந்திருந்தால் யார் பொறுப்பு என்று வாசலிலேயே கேட்டார். ஏஞ்சல் பயந்ததற்கு வருத்தப்படுகிறேன், சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்றேன். அத்தா தலை குனிந்துகொண்டார்.
அன்றிலிருந்து யாரிடமும் பேசாமலிருந்த ஏஞ்சல் வாயைத் திறந்தாள்.
"திவ்யாக்கா எங்க கீறாங்கன்னு எனக்கும் தெரியும்மா. அவரு முடியப் புடிச்சிக்கினு இருந்தப்போ நானும்தான் சொல்லல."
அவள் அம்மா கையை விட்டுவிட்டார். ஏஞ்சல் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.