தொட்டில் சேலை

போடி,
வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்புள்ள மெஹ்ராஜ் அக்காவுக்கு,

ஜெபமணி எழுதுகிறேன். உங்களுக்கும் மகள் ஷஹானாவுக்கும் புதிதாக வந்திருக்கும் பேரனுக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும். பேரனுக்கு முடி இறக்கியாயிற்றா? என்ன பெயர் வைத்தீர்கள் என்று உங்கள் தம்பி ஹபீப் ரஹ்மானிடம் கடைத்தெருவில் பார்த்துக் கேட்டேன். ஒரு பெயர் சொன்னார், இல்லை என்று இன்னொன்று சொன்னார், கடைசியில் அதுவும் சந்தேகம் என்றார். ஷஹானாவுக்குத் தாய்மாமன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இல்லையா என்று திட்டிவிட்டு வந்தேன். வருகிற புதன்கிழமை அவர் உங்களிடம் குவைத்துக்கு விமானம் ஏறுகிறார். அவர் கையில்தான் இதைக் கொடுத்துவிடப் போகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்படியில் வைத்துவிட்டுத்தான் பேசுவீர்கள். உங்கள் மருமகனும் அவர் அம்மாவும் கேட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதோடு, பேச ஆரம்பித்தால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வந்துவிடும். ஒன்பது வருஷம் என்னோடு குப்பை கொட்டிய உங்களுக்கு அது தெரியாததில்லை.

இங்கே ஐப்பசி மழை விடவில்லை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து போன வாரம் ஒரு நாள் தோட்டத்து ஜீப்பு போகவில்லை. கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயவில்லை. என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, அதை விடுங்கள்.

இப்போது மணி இரண்டு. நம் மிஷன் குழந்தைகள் சென்டரில் பிள்ளைகள் தூங்கும் நேரம். தொட்டில் அறையில் பதினோரு கொக்கிகள் தொங்குகின்றன, ஒன்றில்கூடப் பிள்ளை இல்லை. சென்டரைச் சாத்தி நாலு நாள் ஆகிறது, அக்கா.

மகாராணி ஞாபகம் இருக்கிறதா? பெரியம்மாளின் மருமகள். நீங்கள் பங்குனியில் கிளம்பும்போது அவள் மகள் நிலா ஒரு மாதக் கைக்குழந்தை. இப்போது எட்டு மாதம். யாரைப் பார்த்தாலும் சிரிக்கும், என்னைப் பார்த்தால்கூடச் சிரிக்கும். செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஆறு மணி ஜீப்புக்கு முன்னால் மகாராணி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஏலத்தோட்டத்துக்குப் போனாள். தொட்டிலில் போட்டேன், உடனே தூங்கிவிட்டது. ஒன்பது மணிக்குப் பால் கொடுக்க எழுப்பினால் எழவில்லை. எச்சில் வழிந்து கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. அந்த மழைக் குளிரில் உடம்பெல்லாம் வேர்வை. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். கிடந்த சேலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். போடியில் பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்சில் தேனிக்கு அனுப்பினார்கள். பெரியம்மாளும் கூட வந்தாள்.

தேனியில் டாக்டரம்மா பிள்ளையின் கண்ணைப் பிரித்துப் பார்த்தார். பாவை ஊசிமுனையாகச் சுருங்கியிருக்கிறது, பூச்சிமருந்து மாதிரி இருக்கிறது, வீட்டில் மருந்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பெரியம்மாள் இல்லவே இல்லை என்றாள். பிள்ளை எதில் படுத்திருந்தது என்று என்னைக் கேட்டார். தொட்டிலில், பழைய சேலையில் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அது யார் சேலை, எப்போது கட்டியது, ஏன் துவைக்கவில்லை என்பதை எல்லாம் சொல்லவில்லை.

ஏனென்றால் அந்த நிமிஷத்தில் எனக்கு உங்கள் முகம்தான் நினைவில் வந்தது.

அம்மா முதல்நாள் கட்டிய சேலையில் தொட்டில் கட்டினால் அம்மா வாசனைக்குப் பிள்ளை அழாது என்று சொன்னவள் நான். துவைக்காமல் கொண்டுவாருங்கள் என்று ஒவ்வொரு தாயிடமும் சொல்லி, அதை மிஷன் அறிக்கையில்கூடப் பெருமையாக எழுதினேன். நீங்கள் காலையில் தொட்டில் கட்டும் முன் ஒவ்வொரு சேலையையும் முகர்ந்து பார்ப்பீர்கள். சிலதை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். தாய்மாரில் சுப்புத்தாய் என்னிடம் வந்து, எங்க சேலை நாறுதுன்னு அந்தம்மா மூக்கப் பொத்துது என்று அழுதாள். தை மாதம் அறுப்பின் பண்டிகை அன்று, சென்டரில் எல்லாத் தாய்மாரும் இருக்கும்போது, நான் உங்களை நிற்க வைத்துத் திட்டினேன். ஏழையின் கால் கழுவினவருடைய பெயரில் நடக்கிற இடத்தில், வாடை பார்க்கிறவளுக்கு என்ன வேலை என்று கேட்டேன். நீங்கள், டீச்சர், அது வந்து, என்று ஏதோ ஆரம்பித்தீர்கள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். மறுநாளிலிருந்து நீங்கள் எந்தச் சேலையையும் முகரவில்லை. பங்குனியில் ஷஹானா பிரசவத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டீர்கள். அப்போது பிரசவத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை, அக்கா. கேட்கத்தான் தைரியம் இல்லை.

செவ்வாய் சாயங்காலம் மகாராணி மலையிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். திங்கட்கிழமை தோட்டத்தில் மருந்தடிப்பு, தன்னை மருந்து ஓஸ் இழுக்க விட்டிருந்தார்கள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். செவ்வாய் காலை நான் தொட்டில் கட்டியது அவள் திங்கட்கிழமை கட்டியிருந்த அந்தச் சேலையில்தான்.

மதுரையில் நம் மிஷன் செயலாளர் ஐயாவுக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரி அறிக்கை வரட்டும், அதுவரை நீங்களாக எதையும் ஊரில் சொல்லிவைக்காதீர்கள், சென்டரை மூடச் சொல்லிவிடுவார்கள் என்றார். அவர் சொன்னதை ஒரு சாக்காகப் பிடித்துக்கொண்டேன். இதற்கிடையில் பெரியம்மாள் வேறு ஒன்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். மருமகள் மலையில் கண்டதைத் தின்று பால் கெட்டுப்போய்விட்டதாம். மகாராணி தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்று பிள்ளை கண் திறந்தது. மூச்சு இயந்திரத்திலிருந்து எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் சரியாகிவிடும், யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று ஒரு நினைப்பு வருகிறது. அந்த நினைப்பு வரும்போது ஜெபம் பண்ண முடியவில்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தச் சேலைகளை ஏன் திருப்பிக் கொடுத்தீர்கள்? உங்களுக்கு அது என்ன வாடை என்று தெரியுமா? தெரிந்திருந்தால் என்னிடம் ஏன் சொல்லாமல் போனீர்கள்? மூன்றரை பஸ்சுக்கு நேரமாகிறது. தேனிக்குப் போய் வந்து மீதியை எழுதுகிறேன்.


திங்கட்கிழமை

அக்கா, மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். வேண்டாம், நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்கும் தெரியட்டும்.

வெள்ளிக்கிழமை நான் வார்டுக்குள் போனபோது மகாராணி கட்டிலின் இரண்டு பக்கக் கம்பியிலும் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தாள். அதே சேலை. பிள்ளையைச் சுற்றிக்கொண்டு போனேனே, அதை நர்சம்மா கழற்றிப் பெரியம்மாளிடம் கொடுத்திருக்கிறார். அவள் பையில் வைத்திருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் மகாராணி எழுந்து, ஒரே சிணுங்கல் டீச்சர், வாசன இருந்தா தூங்கும்னு நீங்க சொல்வீகளே, அதான் கட்டுனேன், இப்ப அசந்து தூங்குது என்றாள்.

தூங்கவில்லை. உதட்டோரம் மறுபடியும் நுரை கட்டியிருந்தது.

பிள்ளையை வாரி எடுத்தேன். கத்தினேன் என்று நினைக்கிறேன், நர்சுகள் ஓடி வந்தார்கள். டாக்டரம்மாவிடம் அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தடிப்பு, ஓஸ், துவைக்காத சேலை, என் சட்டம் எல்லாம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. இதைச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பிள்ளையைக் குளிப்பாட்டச் சொல்லி உள்ளே கொண்டுபோனார். மறுபடியும் இயந்திரம்.

மகாராணி சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். நானும் தரையில் உட்கார்ந்து அவளிடம் முதலிலிருந்து சொன்னேன். அன்னைக்கே ஏன் டீச்சர் சொல்லல என்று கேட்டாள். அறைந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பிறகு, அப்ப எம்பாலு கெட்டுப்போகலையா டீச்சர் என்று கேட்டாள். நாலு நாளாகப் பாலைப் பீய்ச்சிக் குளியலறையில் ஊற்றிக்கொண்டிருந்தாளாம்.

செயலாளர் ஐயாவிடம் மறுபடியும் கேட்டால் மறுபடியும் பொறு என்பார் என்று கேட்கவில்லை. நேற்று ஞாயிறு, ஜீப்பு கிடையாது, எல்லாரும் ஊரில்தான் இருப்பார்கள். ஆராதனை முடிந்து வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைச் சென்டருக்குக் கூப்பிட்டேன். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள், பெரியம்மாளும் வந்தாள். எழுந்து நின்று சொன்னேன். நிலாவுக்கு வந்தது தாய்ப்பாலால் அல்ல, நான் போட்ட சட்டத்தால். மருந்தடித்த சேலை பிள்ளை மேல் படக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகும் மூன்று நாள் வாயை மூடியிருந்தேன் என்று சொன்னேன். பிறகு உங்கள் பெயரைச் சொன்னேன். மெஹ்ராஜ் அக்காவைத் தை மாதம் இதே இடத்தில் வைத்து நான் பேசியது தப்பு, அவர் மூக்கைப் பொத்தவில்லை, உங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்றேன்.

அப்போது சுப்புத்தாய் எழுந்தாள். அந்தம்மா என்னயத் தனியாக் கூப்புட்டு, ஆத்தா, மருந்து வாடை அடிக்குது, அலசிட்டு வேற சேல கொண்டான்னு பதமாத்தான் சொல்லுச்சு, நாந்தேன் ரோசப்பட்டு உங்ககிட்ட மாத்திச் சொன்னேன் டீச்சர் என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை நான் கேட்ட கேள்விக்குப் பதில் வந்துவிட்டது, அக்கா. நீங்கள் சொல்லத்தான் வந்தீர்கள். நான்தான் கையைக் காட்டினேன்.

பெரியம்மாள் என்னை நன்றாகத் திட்டினாள். சாபமும் விட்டாள். அது நியாயம்தான். ஆனால் போகும்போது மருமகளுக்கு என்று வீட்டில் கருவாட்டுக் குழம்பு வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பால் ஊற வேண்டுமாம்.

சென்டரை என்ன செய்வது என்று மதுரையில் கூடிப் பேசப் போகிறார்கள். என்னை எடுத்துவிட்டாலும் சரி, சென்டரை மூடாதீர்கள் என்று எழுதிப் போட்டிருக்கிறேன். இன்றைக்குக் காலை ஜீப்பில் இரண்டு பேர் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள். வீட்டில் பார்க்க ஆள் இல்லை, வேறு வழியில்லை. அங்கே மரத்தடியில் போட்டுவிட்டுக் காய் எடுப்பார்கள், பக்கத்திலேயே மருந்தடிப்பார்கள். தெருமுனையில் நின்று பிள்ளையை வாங்கக் கையை நீட்டினேன். ஒருத்தி திரும்பிப் பார்த்தாள், கொடுக்கவில்லை.

நிலா இன்னும் இயந்திரத்தில்தான் இருக்கிறாள். இன்று காலை என் விரலைப் பிடித்தாள், பிடி தளர்வாக இருந்தது. இரண்டு நாள் தாண்ட வேண்டும் என்கிறார் டாக்டரம்மா. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது அந்த இரண்டு நாள் தாண்டியிருக்கும். எந்தப் பக்கம் என்று எனக்கு இப்போது தெரியாது.

திரும்பி வாருங்கள் என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை, கூப்பிடவில்லை. எல்லாத் தாய்மாருக்கும் முன்னால் உங்களை அவமானப்படுத்தியது தப்பு என்று அதே ஆட்கள் முன்னால் சொல்லிவிட்டேன். அதைக் கேட்க நீங்கள் மட்டும் அங்கே இல்லை. அதற்குத்தான் இவ்வளவு எழுதினேன்.

உங்கள் பேரன் நோய் நொடி இல்லாமல் வளரட்டும். ஷஹானாவுக்கு உடம்பு தேறட்டும். ஐந்து வேளையும் தொழுகிறவர் நீங்கள், துஆ கேட்கும்போது நிலாவின் பெயரைச் சொல்லுங்கள், அக்கா. மகாராணியின் பெயரையும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு, மனம் வந்தால், என் பெயரையும்.

இப்படிக்கு,
ஜெபமணி