தரை எட்டுகிறதா

கோவில்பதாகை,
ஆவடி.

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவால் நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஸ்காட்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு நலமாக இருக்க வேண்டும். மனசைக் கேட்டால் அது சனிக்கிழமையிலிருந்து ஓர் இடத்தில் உட்காரவில்லை. போன் போட்டால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய், கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

அன்றைக்கு இங்கே நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. நீ சபை வாலிபர் குரூப்பில் இங்கிலீஷில் ஒரு ஜெப விண்ணப்பம் போட்டாய் அல்லவா, 'ஐ ஆம் அவுட் ஆஃப் மை டெப்த்', எனக்காக ஜெபியுங்கள் என்று. அதை யாரோ ஒரு பிள்ளை தமிழாக்கி, ஜெனிஷா ஆழத்தில் இருக்கிறாள் என்று பெண்கள் குரூப்பில் போட்டதாம். அங்கிருந்து அடுத்த குரூப்புக்குப் போனபோது ஆழம் ஆழமான தண்ணீராகிவிட்டது. நான் போனைப் பார்க்கவே இல்லை, மெஷினில் உட்கார்ந்து கல்யாண ஜாக்கெட் ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா ஆவடி மார்க்கெட்டில் மீன் வாங்கப் போயிருந்தார். அங்கே நம் சபை பூபாலன் அண்ணன் அவரைப் பார்த்து, "இன்னா பால்ராஜு, பொண்ணு தண்ணில மாட்டிகிச்சாமே, நீ இங்க வஞ்சரம் வெல கேட்டுகினு கீற" என்றிருக்கிறார். மனுஷன் பையை அங்கேயே போட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார். வந்தவர் ஜெனிக்கு போன் போடு என்றார், அவ்வளவுதான். உன் போன் அணைந்திருந்தது. டூட்டியில் போனை லாக்கரில் வைப்பார்கள் என்று சொன்னேன், அவர் காதில் ஏறவில்லை, திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அதற்குள் சபையிலிருந்து சுலோசனா அக்காவும் இன்னும் சிலரும் அழுதுகொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்கள், அப்போதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. மெஷினை விட்டு எழுந்திருக்க முடியவில்லை, கால் பெடலிலேயே ஒட்டிக்கொண்டது. ஜாக்கெட்டின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்திருக்கிறேன், பிறகுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் ஒருத்திதான் நிதானமாகக் கேட்டாள், அது நர்சு வேலை பார்க்கிற பிள்ளை, தண்ணீர் பக்கம் அதற்கு என்ன வேலை, நேரில் யார் பார்த்தது என்று.

அடுத்த தெரு ஹெலினா டீச்சரை அவள்தான் போய் அழைத்து வந்தாள். டீச்சர், நீ வாலிபர் குரூப்பில் எழுதியதை வாங்கிப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, வேலை கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள் என்றார். உன் அப்பா நம்பவில்லை, அந்த டெப்த் என்கிற வார்த்தைக்கு என்னென்ன அர்த்தம் உண்டோ அத்தனையும் படியுங்கள் என்றார். டீச்சர் போனில் அகராதியைத் திறந்து படித்தார். முதலில் ஆழம், கிணற்றுக்கும் கடலுக்கும் சொல்வது. பிறகு பீரோவின் உள்வாட்டம், நிறத்தின் அடர்த்தி, குரலின் கனம், அறிவின் நுட்பம். ஒரே வார்த்தைக்கு இவ்வளவா என்று இருந்தது. குளிர்காலத்தின் நட்டநடு என்றும் ஓர் அர்த்தமாம், அதில் நீ இப்போது இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். துக்கத்தின் தீவிரம் என்றார். அடிமட்டம், படுகுழி என்று ஆரம்பித்தபோது போதும் டீச்சர் என்றேன். ஆனால் நீ எழுதியது இதிலெல்லாம் சேராதாம். நீச்சல் தெரியாதவர்கள் தண்ணீரில் நடந்து போகப் போக, கால் தரையைத் தொடாத இடம் ஒன்று வருமே, அதிலிருந்து வந்த பேச்சாம். சக்திக்கு மீறிய வேலையில் மாட்டிக்கொண்டால் அப்படிச் சொல்வார்களாம். இதைக் கேட்டதும் எல்லோருக்கும் உயிர் வந்தது, சுலோசனா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ கேட்டார், சிரித்துக்கொண்டே போனார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை ஜெனி. தண்ணீரில் விழுந்தால் யாராவது பார்த்து இழுப்பார்கள், இது யார் கண்ணுக்குத் தெரியும்?

சாயங்காலம் நீ கூப்பிட்டாய், நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தாய். உங்கள் முதியோர் இல்லத்தில் இருந்த மூத்த நர்ஸ் வேலையை விட்டுப் போய்விட்டதால் அந்த மாடி முழுக்க உன் ஒருத்தி பொறுப்பு என்றும், அந்த வாரத்தில் இரண்டு முதியவர்கள் உன் கையிலேயே போய்விட்டார்கள் என்றும், பழகிவிடும் என்றும் சொன்னாய். உன் அப்பா போனை வாங்கினார். "ஜெனி, காலுக்குத் தரை எட்டுதா இல்லியா, அத்த மட்டும் சொல்லு" என்றார். லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் "எட்டுது டாடி" என்றாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். நான் பின்னால் போனபோது, "அதுக்குத் தரை எட்டல மே" என்றார். சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் போவதற்கே முணுமுணுக்கிறவர், மறுநாள் ஹெலினா டீச்சர் வீட்டுக்குப் போய், பாஸ்போர்ட்டுக்கு எப்படி எழுதிப் போடுவது என்று கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார். இருவருக்கும் போட்டோ எடுத்தாயிற்று. நீ வேண்டாம் என்று சொல்லாதே, அவர் கேட்க மாட்டார்.

உடனே புறப்பட்டு வந்துவிடு என்றுதான் நான் எழுத நினைத்தேன். அப்பா தடுத்துவிட்டார், அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிக்கொண்டு வந்த மாதிரி இப்போதும் கூட்டி வருவது நம் இஷ்டமா என்றார். அதனால் ஒன்று மட்டும் சொல்கிறேன். சபை வாலிபர் குரூப்பில் எழுதினாயே, அதே வாக்கியத்தை உன் மேலதிகாரி முன்னால் நின்று வாயால் சொல். தனியாக ஒரு மாடியை என்னால் பார்க்க முடியவில்லை, இன்னொரு ஆள் வேண்டும் என்று சொல். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. இங்கே நாங்கள் அந்த ஒரு வார்த்தைக்கு ஊரையே கூட்டினோம். அது அவர்கள் பாஷை, அவர்களுக்கு அகராதி வேண்டாம்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தலைமேல் எங்கள் இருவர் கையும் எப்போதும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீடியோவில் வா. அப்பா பேசாமல் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், நீயாக அவரைக் கூப்பிடு.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
ஞானசௌந்தரி பால்ராஜ்