வளைவில் தூக்கும் விரல்

12 நவம்பர் 1966, சனி
மாவாட்டிவிட்டு வந்தால் சமையலறை மேசையில் மறுபடியும் கார். கையளவு ஸ்லாட் கார். பலகையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும்; கையிலிருக்கும் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த அழுத்த வேகம், விரலைத் தூக்கினால் நிற்கும். அண்ணன் தோமினிக் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. என் வீட்டுக்காரர் மிக்கேல் மில்லில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். இதையும் பிரித்துவிட்டார். தடித்த கம்பியாகக் குறைவாகச் சுற்றினால் வேகம் ஏறுமாம்.

புத்தாண்டன்று பங்கு மண்டபத்தில் பந்தயம். போன வருஷம் ஜெயித்தவர் நாமக்கல் லாரிப் பட்டறை சென்றாயன்.

15 நவம்பர்
வேகம் ஏறிவிட்டது. வளைவுக்கு வளைவு துள்ளி விழுகிறது.

20 நவம்பர், ஞாயிறு
பூசை முடிந்து மண்டபத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லார் முன்னாலும் சொல்லித் தொலைத்தேன்: “ஏனுங்க, வளைவுக்கு முன்னாடியே வெரலத் தூக்கிருங்க. அடியில கொஞ்சம் கனமும் வேணும்.”

சென்றாயன் சிரித்தார். “மிக்கேலு, ஊட்டுலயே வாத்தியாரம்மா இருக்குதாட்டம்!”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இவர் பேசவில்லை. தப்பாச் சொல்லிட்டனா? தப்பில்லை. அங்கே சொன்னதுதான்—

23 நவம்பர்
இன்னும் பேச்சில்லை. சோறு என்றால் “வை.” தண்ணீர் என்றால் “வை.”

அவர் வேலைக்குப் போனதும் பின்னறைப் பலகையில் நானே ஓட்டிப் பார்த்தேன். கட்டைவிரலை முழுக்கத் தூக்கினால் கார் நின்றுவிடுகிறது. பாதி தூக்கினால் வால் வழுக்கினாலும் மூக்கு பள்ளத்தை விடுவதில்லை. எனக்கு வருகிறது! யாரிடம் சொல்ல?

9 டிசம்பர்
என் ரப்பர் செருப்பைத் தேடினேன். குதிகாலில் வட்டமாக இரண்டு ஓட்டை, காருக்குச் சக்கரமாகிவிட்டது. கேட்டுவிடலாம் என்று போனால், மீன்வலை ஈயக்குண்டைத் தகடாகத் தட்டிக் காரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். நான் சொன்ன கனம்தான். செருப்பைப் பற்றி நான் கேட்கவில்லை.

30 டிசம்பர்
ஈயம் பற்றவைக்கும்போது அவர் வலது கட்டைவிரல் வெந்துவிட்டது. பெரிய கட்டு.

“பந்தயத்துக்குப் போகலை” என்றார்.

“நான் ஓட்டறனுங்க.”

“உனக்கு எங்க தெரியும்?”

“நீங்க வேலைக்குப் போனதும் தெனமும் ஓட்டறேன்.”

காரை எடுத்துப் பள்ளத்தில் வைத்தார். பிறகு, “எங்க, ஓட்டு பாக்கலாம்.”

விழுந்தால் பிடிக்க வளைவில் கையை விரித்து நின்றார். கார் அவர் கைக்குப் போகவேயில்லை.

1 ஜனவரி 1967, ஞாயிறு
சென்றாயன் முறைத்தார். “பொம்பளகூட எப்படிங்க ஓட்டறது?”

“வண்டி நான் கட்டுனது. ஓட்டறது இசபெல்லா. பயமா இருந்தாச் சொல்லுங்க” என்றார் இவர். என் பேரை ஊர் நடுவே அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

முதலிலிருந்தே நான்தான் முன்னால். கடைசிச் சுற்றில் சென்றாயன் கார் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் பார்த்தேன், பாதையைப் பார்க்கவில்லை. வளைவு வந்தும் விரல் எழும்பவேயில்லை. கார் பறந்து பெஞ்சுக்கடியில் போனது. இவர் ஓடி எடுத்துவைத்தார். இரண்டாவது இடம்தான்.

திரும்பும்போது எனக்கு அழுகை. ச்சே, கைக்கு வந்ததை விட்டுட்டேனே!

“எனக்கும் அந்த வளைவுலதான் போகும்” என்றார். வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தார்.

8 ஜனவரி
வேறொரு மோட்டார் வாங்கி வந்திருக்கிறார். கம்பியைத் தொடுவதற்கு முன் கூப்பிட்டார்: “இங்க வா. உனக்கு எவ்வளவு வேகம் வேணும்?”

உலை கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.