அப்பாவுக்கு இல்லம் பார்த்தது

ஜூலை 7, செவ்வாய்

காலையிலிருந்தே புகைமூட்டம். தொண்டை கரகரப்பு. கொடியில் கிடந்த துணியெல்லாம் மறுபடி துவைக்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து போன். வெள்ளிக்கிழமை அப்பாவை அனுப்பிவிடுகிறார்களாம். இடுப்பு எலும்பு ஆபரேஷன் புண் ஆறிவிட்டது. ஆனால் தினமும் நடைப்பயிற்சி வேண்டும். பயிற்சி கொடுக்கும் பெண் மூடி மறைக்கவில்லை: "இப்ப நடக்க வைக்கலன்னா அப்புறம் கட்டில்தான் அக்கா."

ஜாசினில் அவர் வீட்டில் தனியாக விட முடியாது, அங்கேதான் வழுக்கி விழுந்தார். எங்கள் வீட்டில் பகலில் ஆள் இல்லை, குளியலறை மாடியில். ஆக, பயிற்சியும் கொடுக்கிற முதியோர் இல்லம். ஒன்றிரண்டு மாதம். தம்பி சிங்கப்பூரிலிருந்து: "நீதானக்கா பேக்டரில கியூசி, சாமான் தரம் பாக்குற ஆளு. நீயே செக் பண்ணி பாஸ் பண்ணிடு." துரை அங்கிருந்தே உத்தரவு போடுகிறார்.

வாங்க வேண்டியது: அப்பா காலுக்கு வழுக்காத சப்பாத்து, கைலி இரண்டு, அப்பாவின் பூனைக்குத் தீனி (இப்போது அதுவும் என் தலையில்).

ஜூலை 8, புதன்

அரை நாள் லீவு. டுரியான் துங்கால் இல்லம். கேட்டிலேயே சத்தம். ஒரு சீனக் கிழவர், "மிஸ்ஸி! ச்செப்பாட் லா!" என்று, சீக்கிரம் வரச் சொல்லித் தாதியை விரட்டுகிறார். அடுத்த அறையில் ஒரு அம்மா, பருப்பில் உப்பில்லை என்று சண்டை. ஒருவர் கம்பியைப் பிடித்து நடக்கிறார், நடக்க வைக்கிற பெண்ணின் வம்சத்தையே திட்டிக்கொண்டு. டிவி அலறல். தரை ஈரம். மீன் கறி வாடை.

நடத்துவது ராணி மிஸ்ஸி. அரசாங்கத் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து எழுந்து ஓடினார். ஓடிக்கொண்டே அவரும் கத்துகிறார்: "வரேன் லா பெரியப்பா! எனக்கு இருக்கிறது ரெண்டு காலுதான்!" என் கேள்விகளில் பாதிக்குப் பதில் வரவில்லை.

தலைவலி. ஃபெயில்.

ஜூலை 9, வியாழன்

ஆயர் குரோ இல்லம். ஏர்கோன் குளிர். நல்ல வாசனை. ஒவ்வொரு கட்டிலுக்கும் கூப்பிடு மணி. பயிற்சி அறையில் புத்தம் புதுச் சாமான்கள். அத்தனை பேர் படுத்திருந்தும் ஒரு முனகல் இல்லை. மேனேஜர் பெண்ணுக்குப் பெருமை: "இங்க எல்லாரும் ரொம்ப அமைதி சிஸ்டர்."

ஆடிட் வருகிற அன்று எங்கள் பேக்டரியிலும் தரை மின்னும், நாங்களும் வாயை மூடிக்கொள்வோம். அது நினைவுக்கு வரத்தான் செய்தது. இருந்தும் பாஸ். நேற்றைய கூச்சலுக்குப் பிறகு இந்த அமைதி அவ்வளவு சுகமாக இருந்தது.

பார்க்கும் நாள் புதன், ஞாயிறு. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

ஜூலை 10, வெள்ளி

அப்பாவை ஆயர் குரோவில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் திட்டு. வாழ்க்கை முழுக்கச் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். இன்ஜினுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. "இது ஆஸ்பத்திரியா ஹோட்டலா? கோப்பி கட்டியா போடச் சொல்லு! ஏய் பாப்பா, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு!" கூடமே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. மேனேஜர் சிரித்தாள். "பழகிடுவாரு."

வீட்டுக்கு வந்து அடித்துப் போட்ட மாதிரி தூக்கம்.

ஜூலை 15, புதன்

அப்பா சவரம் செய்து, தலை வாரி, தேய்த்த சட்டையில்.

"எப்படிப்பா இருக்கு?"

"நல்லா இருக்கும்மா."

"சாப்பாடு?"

"நல்லா இருக்கு."

சாப்பாட்டை அவர் நல்லா இருக்கு என்று சொல்லி இதுவரை கேட்டதில்லை. அம்மா உயிரோடு இருந்தபோதே கேட்டதில்லை. திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். நடைப்பயிற்சி நல்ல முன்னேற்றம் என்றாள் மேனேஜர். தம்பிக்குப் படம் அனுப்பினேன், கட்டைவிரல் வந்தது.

பூனைதான் சாப்பிட மாட்டேன் என்கிறது.

ஜூலை 19, ஞாயிறு

பிளாஸ்கில் கட்டிக் கோப்பி. அப்பா ஒரு மடக்கு குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏன்ப்பா, இனிப்பு பத்தலையா?"

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்."

"வந்தா மணிய அமுக்குங்களேன்."

சுவரைப் பார்த்துக்கொண்டார். உதடு வெடித்திருக்கிறது.

சேர்ந்து நாலடி நடக்கலாம் என்று சப்பாத்தை எடுத்தேன். அடியில் விலை ஸ்டிக்கர் அப்படியே. தோலில் ஒரு மடிப்பு விழவில்லை. மாட்டிவிட்டுத் தூக்கினேன். முட்டி நடுங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனையில் இதைவிட நன்றாக நின்றாரே!

மேனேஜரைக் கேட்டேன். "உள்ள வெறுங்காலோடதான் நடக்க வைக்கிறோம் சிஸ்டர்." கேட்டு முடிப்பதற்குள் பதில். வேலையிடத்தில் யாராவது இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னால் நான் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

ஜூலை 21, செவ்வாய்

சொல்லாமல் போனேன். மருந்து கொண்டுவந்திருக்கிறேன் என்று பொய் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள்.

அப்பாவின் கூப்பிடு மணி, வயரோடு கட்டிலுக்குப் பின்னால் சுருட்டிக் கட்டியிருந்தது. அவிழ்த்து நானே அமுக்கினேன். கட்டிலருகில் நின்றே வாசல் வழியாகக் கவுண்டர் தெரிகிறது. சிவப்பு விளக்கு எரிந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே கையை நீட்டி அணைத்தாள். மறுபடி அமுக்கினேன். மறுபடி அணைத்தாள். யாரும் வரவில்லை. மற்ற கட்டில்களில் எல்லோரும் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார்கள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

நான் பாஸ் போட்ட அமைதி இதுதான்.

கவுண்டரைப் பார்த்துக் கத்தத் தொடங்கினேன். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். "மெதுவா பேசு பாப்பா. மெதுவா." அப்பாவா இது?

டயப்பர் கனத்துத் தொங்கியது. நானே மாற்றினேன். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

அப்போதே அப்பாவைக் காரில் ஏற்றிவிட்டேன். காரிலிருந்தே ராணி மிஸ்ஸிக்கு போன். வெள்ளிக்கிழமை ஒரு கட்டில் காலியாகிறதாம். அதுவரை லீவு போட்டு எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். கூடத்தில் மெத்தை.

ஜூலை 23, வியாழன்

ஆயர் குரோ இல்லத்தின் மேல் சமூக நல அலுவலகத்தில் புகார் கொடுத்தாயிற்று. விசாரிக்கிறார்களாம். முதுகு வலி. அப்பா கூடத்தில் பூனையைத் தடவிக்கொண்டு படுத்திருக்கிறார், ஒரு வார்த்தை இல்லை. நானாகப் போய்ப் போய்த் தண்ணீர் கொடுக்கிறேன்.

ஜூலை 24, வெள்ளி

ஒருவழியாக மழை. டுரியான் துங்கால். அதே சத்தம். இன்றைக்குப் பருப்பில் உப்பு அதிகமாம். ராணி மிஸ்ஸி அப்பாவின் தொடையை அமுக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"நாள வீணாக்கிட்டாங்களே. சரி, பாக்கலாம். கத்துவாரா?"

"முன்ன கத்துவாரு மிஸ்ஸி."

"கத்தட்டும் லா. இல்லாட்டி எனக்கு எப்படித் தெரியும்?"

ஜூலை 27, திங்கள்

வேலை முடிந்து நேராக அங்கே. கேட்டில் நின்று காது கொடுத்தேன். எல்லோர் குரலும் கேட்டது, அப்பாவுடையது மட்டும் இல்லை.

காலையில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாராம். சொன்னது நடக்க வைக்கிற பெண். சந்தோஷமாக உள்ளே போனேன். படுக்கை நனைந்திருந்தது. அதிலேயே கையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

ராணி மிஸ்ஸி ஓடி வந்தார். "பெரியப்பா, ஒரு குரல் குடுத்தா என்ன? இங்கதான நிக்கிறேன்!" அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மிஸ்ஸி துணி எடுக்கப் போனதும் என்னைக் கிட்ட வரச் சொல்லிச் சைகை காட்டினார். வாயருகில் வைத்த காதுக்கே சரியாகக் கேட்காத குரலில்:

"சத்தம் போட்டா மகள உள்ள விட மாட்டோம்னு அங்க சொன்னாங்க. இங்க போடலாமா?"

போடுங்கப்பா என்றேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்.