கோட்டு மட்டும் நனையாத மழைக்காலம்

இன்று காலை பெட்டியைத் திறந்தேன். மழைக்காலத்தில் கம்பளித் துணிக்கு வருமே, அந்தப் புழுங்கல் வாடை மூக்கில் ஏறியதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பிக்கு உங்கள் ஆபீசிலேயே வேலை கிடைத்திருக்கிறது. "மதனி, அண்ணன் கோட்டு இருக்கா? கோட்டு இல்லாம உள்ளயே விடமாட்டாங்களாம்" என்று கேட்டான். வெளியே ரங்கூன் மழை. அலோன் படகுத்துறைப் பக்கமிருந்து ஆற்றுக்காற்று எலும்புவரை வந்தது.

இந்தக் கோட்டை எத்தனை காலை மடித்திருப்பேன்! கோட்டு, வேட்டி, தலைப்பாகை, பூட்ஸ் எல்லாவற்றையும் தண்ணீர் புகாத மெழுகுசீலையில் சுற்றி, ஒரு முனைகூட வெளியே தெரியாமல் சணலால் இறுக்கிச் சைக்கிளின் பின்னால் கட்டுவீர்கள். நீங்களோ, ஒரு பழைய பனியன், பர்மாக்காரர்களைப் போலத் தூக்கிச் செருகிய கைலி, வெறுங்கால். துணிக்குப் போர்வை, ஆளுக்கு மழை! இப்படியும் ஒரு கூத்து உண்டா? ஆனால் உங்கள் ஆபீஸ் தமிழ்க் குமாஸ்தாக்கள் எல்லோருமே அப்படித்தான் போனீர்கள். ஈரக் கோட்டோடு வருகிறவனைப் பெரிய குமாஸ்தா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாராம்.

"உங்களுக்கும் ஒரு சீலை வாங்கிப் போத்திக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். "அதைப் போத்திக்கிட்டு மிதிச்சா உள்ளயே வேர்த்து நனைஞ்சிருவேன். மழையே தேவலை" என்றீர்கள்.

காய்ச்சிய நல்லெண்ணெயை உங்கள் நெஞ்சிலும் கெண்டைக்காலிலும் தேய்ப்பேன். கை தேய்க்க, வாய் அது பாட்டுக்குத் திட்டும். "சுவர் இருந்தாத்தான் சித்திரம். தெரியுதா?" என்பேன். நீங்கள் சிரிப்பீர்கள். "சித்திரத்தைப் பாத்துத்தாண்டி அவன் சம்பளம் குடுக்கறான். சுவரை எவன் பாத்தான்?" இந்த வாயை வைத்துக்கொண்டுதானே என்னை ஏமாற்றினீர்கள்.

எதிர்வீட்டுப் பர்மாக்காரி மா சின் ஒருநாள் தன் ஓலைத் தொப்பியைக் கொண்டுவந்து உங்கள் தலையில் கவிழ்த்தது நினைவிருக்கிறதா? தெருமுனை தாண்டுமுன் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போக, நீங்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடினீர்கள். "கோட்டு ராசா! ஆளு கூலி!" என்று மா சின் தனக்குத் தெரிந்த அரைத் தமிழில் கத்த, நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அவசரமாகத் துடைத்துக்கொண்டு, ஈரம் போகாத உடம்பின்மேல் அந்தக் கம்பளியை மாட்டிக்கொள்வீர்கள். பிறகு சாயங்காலம் வரை, தலைக்குமேல் ஆடிக் காற்று வீசும் பங்காவின் கீழே உட்கார்ந்து எழுத வேண்டும். "வெளிய பாத்தா தொரை, உள்ள தவளை" என்று அதையும் வேடிக்கையாகச் சொன்னீர்கள். இருமலை மட்டும் சொல்லவில்லை.

ஆடி மாதம் படுத்தீர்கள். நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. உங்களை நடுவீட்டில் கிடத்தியிருந்தபோது பெரிய குமாஸ்தா மாலையோடு வந்தார். "தங்கமான மனுஷன். ஒருநாள்கூட ஈரமா வந்ததில்லே" என்றார். அழுதுகொண்டிருந்தவள் எழுந்துவிட்டேன். "வீட்டுக்கு ஈரமாத்தான்யா வந்தாரு! தெனமும் ஈரமாத்தான் வந்தாரு!" என்று கத்தினேன். பெண்கள் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவர் நல்லதாகத்தான் சொன்னார், பாவம். ஆனால் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இன்று உங்கள் தம்பியும் கோட்டைச் சுருட்டத்தான் பார்த்தான். பிடுங்கி அவன் தோளில் மாட்டி, பொத்தானையும் நானே போட்டு, அதன்மேல் மெழுகுசீலையைப் போர்த்தினேன். "மதனி, வேர்வையில கோட்டு நனைஞ்சிருமே! திருப்பி அனுப்பிட்டா?" என்றான். "அனுப்பினா வீட்டுக்கு வா. சோறு இருக்கு" என்றேன். பையன் சீலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மழையில் இறங்கினான்.

உங்களிடம் சொல்ல இன்னொன்று இருக்கிறது. சாயங்காலம் நீங்கள் வந்ததும் முதுகைத் துடைத்துவிடுவேன் அல்லவா? எப்போதும் சில்லென்றிருக்கும். அந்தச் சில்லிப்புக்கு என் கை பழகிப்போயிருந்தது. கடைசியாக மழையில் வந்த அன்று துண்டை வைத்ததும் முதுகு கதகதப்பாக இருந்தது. 'அப்பாடா, இன்னிக்காவது குளிரலை' என்று சந்தோஷப்பட்டேன். அது காய்ச்சல் என்று கொஞ்சம் பொறுத்துத்தானே தெரிந்தது! நீங்கள் போன துக்கத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாயிற்று. அந்த ஒரு நிமிஷச் சந்தோஷத்தை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?