துணியில் வந்த முகம்

2006 மார்ச் 14, செவ்வாய்

ஜெபவீட்டில் ஒரு வெள்ளைத் துணியில் இயேசுவின் முகம் தானாகப் பதிந்திருக்கிறது என்று தம்பி மனைவி மேரி இன்று என்னை இழுத்துப் போனாள். பதினோரு வருடமாக பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். தொட்டதுமே விரலில் சாயத்தின் தடிப்பு தட்டியது. பிரிண்டிங்தான். பின்பக்கம் பார்க்கத் துணியைத் திருப்பப் போனேன்.

"திருப்பாதீங்க கண்ணு, ஜெபிச்சாப் போதுமுங்க" என்று ஜெபவீட்டு அம்மா என் கையை எடுத்துவிட்டார். ஏன் திருப்பக் கூடாது?

வெளியே வந்ததும் அது பிரிண்டிங்தான் என்று மேரியிடம் சொன்னேன்.

"தொட்டுப் பாத்தாத்தான் நம்புவேன்னு சொன்ன தோமா மாதிரி நீங்க, மைனி. இந்தத் துணிகிட்ட ஜெபிச்சு எனக்குச் சொகமாயிட்டு. டிபி மாத்திரைய நிறுத்தி ஒம்பது நாளாச்சு."

"கர்த்தர் சொகம் தந்திருந்தா எக்ஸ்ரேயிலயும் தெரியும்லா? நாளைக்கு எடுப்போம், வா" என்றேன். சரி என்றாள்.

எக்ஸ்ரே படம் சுத்தமாக வந்தால் துணியால் என்பாள். வராவிட்டால் என் சந்தேகத்தால் என்பாள். எப்படியும் மாத்திரையைத் தொட மாட்டாள் போலிருக்கிறது. ஆனாலும் சுத்தமாக வரட்டும் என்றுதான் சற்று முன் முழங்காலில் நின்று கேட்டேன்.