அத்தை சத்தம் போடாத வீடு

மார்ச் 4

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? போனில் நான் பேசுவது கொசு கத்துவது மாதிரி கேட்கிறது என்று உங்கள் பிள்ளையிடம் சொன்னீர்களாம். அதனால் எழுதுகிறேன். நல்ல செய்தி: பாஸ் ஆகிவிட்டேன்! ஆபீஸ் வேலைக்கு வேண்டிய க்ளவுட் கம்ப்யூட்டர் சான்றிதழ் வந்துவிட்டது. உங்கள் பிள்ளை அதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, பால் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறார்.

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதுகிற தேர்வு, இந்தத் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. காலண்டரைக் கழற்றி, மேஜையைத் துடைத்து, நாலு சுவரையும் கேமராவில் காட்டினேன். எங்கோ உட்கார்ந்து கண்காணிக்கிறவர் கட்டிலுக்கு அடியில்கூடக் காட்டச் சொன்னார். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. உங்களைச் சொல்லவில்லை அத்தை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பக்கத்து சீட்டுக்காரியை ஆபீசில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளிடம் சான்றிதழ் இல்லை. அதனால் இன்னும் ஒன்றே ஒன்று எழுதிவிடுகிறேன். அது முடிந்ததும் வந்துவிடுங்கள்.

அன்பு மருமகள்


மார்ச் 15

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எழுந்து நின்று ஒரு ஆட்டம் போட்டேன். முட்டி இன்னும் என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறது.

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் செய்த தொண்டை இது. மைக் கெட்டுப்போன நாளிலும் கடைசி பஸ் டிரைவருக்கு நான் சொன்னது கேட்டது. காது மந்தமான பிறகு இன்னும் கூடிவிட்டது. போன தடவை நீ பரீட்சை எழுதும்போது "சிலிண்டரை உள்ள வைங்க"ன்னு கேஸ்காரரிடம்தான் சொன்னேன். யாரோ உனக்கு விடை சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேமராக்காரர் பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்! சிலிண்டர் எந்தக் கேள்விக்கு விடையோ தெரியவில்லை. அன்று நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுவிட்டு அங்கேயே இருந்திருப்பேன்.

உன் நாத்தனார் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை வேளாவேளைக்கு டீ போட்டுக் கையில் கொடுக்கிறார். அதுதான் சங்கடம். விருந்தாளிக்குத்தானே அப்படிக் கொடுப்பார்கள்? பக்கத்து வீட்டு அம்மா, க்ளவுட் என்றால் என்ன என்று கேட்டாள். "நம்ம சாமானை இன்னொருத்தர் வீட்டுப் பரண்ல வெச்சிட்டு மாசாமாசம் வாடகை கட்டறது"ன்னு சொன்னேன். சரிதானே?

சாப்பிட்டுப் படி.

உன் லவுட்ஸ்பீக்கர் அத்தை


ஜூன் 20

அன்புள்ள அத்தைக்கு,

இவ்வளவு தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கணும். உங்கள் பரண் விளக்கத்தை ஆபீசில் சொன்னேன், சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்துவிட்டது. இரண்டாவதும் பாஸ். ஆனால் இந்தத் தடவை ஃப்ரிட்ஜில் ஒட்ட இரண்டு பேருக்கும் நேரம் இல்லை. நானும் உங்கள் பிள்ளையும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம் என்பது துவைக்கப் போடும் துணியைப் பார்த்தால்தான் தெரிகிறது. கூடப் படித்தவள் கல்யாணத்துக்கும் போகவில்லை. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இந்தச் சான்றிதழ்களுக்கு மூன்று வருஷம்தான் ஆயுளாம். அப்புறம் மறுபடி எழுதணும். அடுத்தது ஆகஸ்டில், அது பெரிய தேர்வு. இப்போது உங்கள் ரூமில்தான் உட்கார்ந்து படிக்கிறேன். தெருச் சத்தம் அங்கே வருவதில்லை. அடியில் காட்டு, அடியில் காட்டு என்று ஒவ்வொரு தடவையும் தொல்லை செய்கிறார்கள் என்று உங்கள் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருக்கிறோம். தேர்வு முடிந்ததும் கண்டிப்பாக வந்துவிடுங்கள்.

அன்பு மருமகள்


ஜூலை 9

என் தங்கமே,

கட்டிலை நிமிர்த்தி வைத்தது நல்லதுதான். கீழே கூட்டிப் பெருக்க வசதி.

ஒரு விஷயம் சொல்கிறேன், பயப்படாதே. போன வாரம் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றும் இல்லை, இடுப்பில்தான் பிடிப்பு. ஹாலில் மாப்பிள்ளை டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வாயைத் திறந்தேன். யாராவது பரீட்சை எழுதிக்கொண்டிருப்பார்களோ என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. இங்கே யார் எழுதப்போகிறார்கள்? தெரிந்தும் சத்தம் வரவில்லை. உன் நாத்தனார் துண்டு எடுக்க வரும் வரைக்கும் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"ஏம்மா கூப்பிடல? வாய் இல்லையா உனக்கு?"ன்னு அவள் அழுதாள். என்னைப் பார்த்து வாய் இல்லையா என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் சான்றிதழுக்காவது மூன்று வருஷம் ஆயுள் என்று தேதி போட்டுக் கொடுக்கிறார்கள். எனக்கு அப்படிக் கொடுத்தால் சௌகரியமாக இருக்கும். சரி, அதை விடு. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு.

அத்தை


ஜூலை 13

அத்தை,

வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் கடிதத்தைப் படித்தேன். உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. கீழே விழுந்தால் கத்த வேண்டாமா? உங்கள் மாப்பிள்ளை டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடி வர வேண்டாமா? அந்த ஈரத் தரையை நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

ஆகஸ்டுத் தேர்வை இனி வீட்டில் எழுதப்போவதில்லை. டவுனில் இருக்கிற தேர்வு மையத்துக்கு மாற்றிவிட்டேன். இரண்டு பஸ் மாறணும், மாறிக்கொள்கிறேன். பாஸானால் ஆகட்டும், இல்லாவிட்டால் போகட்டும். வேலை போனால் வேறு வேலை தேடலாம். கட்டிலை இறக்கிப் போட்டாச்சு. இறக்கும்போது உங்கள் பிள்ளை விரலை நசுக்கிக்கொண்டு உங்களை மாதிரியே கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். நீங்கள் இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவே இல்லை. வாங்க அத்தை.

மருமகள்


ஜூலை 17

என் தங்கமே,

இது உன் கைக்கு வருவதற்குள் நீயே இங்கே வந்து நிற்பாய். இருந்தாலும் எழுதுகிறேன். நேரில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நீ என்னைப் போகச் சொல்லவே இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் நீ வரச் சொன்னபோதெல்லாம் அதற்கு முன்னால் ஒரு தேர்வு வந்து நின்றது. அதைத் தாண்டி எப்படி வருவது என்று எனக்குத் தெரியவில்லை. உன்னுடைய இந்தக் கடிதத்தில் 'வாங்க'வுக்கு முன்னால் அது இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். இல்லை.

"என் பெட்டி எங்கடீ?"ன்னு உன் நாத்தனாரைக் கூப்பிட்டேன். பழக்கம் விட்டுப்போன குரல் கரகரவென்றுதான் வந்தது, யாருக்கும் கேட்கவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்து இன்னொரு தடவை கூப்பிட்டேன். அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளையும் வந்தார்.

அத்தை